வேற்றார் வரைந்த இராமன்

(யாங்கூனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



பொம்மைப் படத்தைப் பற்றிப் பேச ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வேண்டும் என்று நம்பித்தான் வந்திருக்கிறேன். இந்த ஊரில் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழுகிறது, கண்ணில் படுவதில்லை. 1960களில் பள்ளிக்கூடங்கள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு தமிழ் எழுத்து மிஞ்சியது கோவில் மண்டபங்களில்தான்; அங்கே விடுமுறையில் நடக்கும் வகுப்புகளில்தான். அங்கே ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே கைப்பேசித் திரையில் இராமனைப் பார்த்துவிடுகிறது. நம் தாத்தாமார் கதாகாலட்சேபத்திலும் தெருக்கூத்திலும் பார்த்த இராமனை அது பார்க்கவில்லை. வரைந்து அசையவிட்ட இராமனைப் பார்க்கிறது. அந்த இராமனை வரைந்த கை யாருடையது, எதை வைத்தது, எதை விட்டது என்று பெற்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நான் இங்கே முக்கியமாகப் பேசப்போவது ஒரே படத்தைப் பற்றி. ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. இந்தியக் கலைஞர்களும் ஜப்பானியக் கலைஞர்களும் கைகோத்து எடுத்த படம். அது பிறந்த கதையே ஒரு கதை.

1983இல் யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் ஓர் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். இராமாயணத்தில் பேர் வருகிற ஊர்களில் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தொல்லியல் அறிஞர் பி. பி. லால் அகழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அலகாபாத்துக்குப் பக்கத்தில் உள்ள சிருங்கிபேரபுரம் அவற்றில் ஒன்று. கங்கைக் கரையில் குகன் இராமனைச் சந்தித்த இடம் என்று சொல்லப்படும் ஊர். அந்த அகழ்வைப் படமெடுக்கத்தான் சாக்கோ இராமாயணத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே வரவில்லை. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயண நூல்களைத் தேடித் தேடி, பத்து வடிவங்களை வாசித்தார். இதைப் படமாக்க வேண்டும், அதுவும் பொம்மைப் படமாகத்தான் ஆக்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஏன் பொம்மைப் படம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். இராமன் கடவுள், ஒரு நடிகர் அவனாக வந்து நிற்பதைவிட ஓவியத்தில் வருவதே பொருத்தம் என்றார்.

இதை நாம் எளிதில் புரிந்துகொள்வோம். 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயண’த்தில் என். டி. ராமாராவ் இராமன், சிவாஜி கணேசன் பரதன், பத்மினி சீதை. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இன்றைக்கும் இராமன் என்றால் ராமாராவின் முகம்தான் மனசில் வரும். அதில் தவறில்லை. ஆனால் நடிகருக்கு வயதாகும், வேறு படத்தில் வேறு வேடம் கட்டுவார், அரசியலுக்குப் போவார். வரைந்த முகத்துக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. அது அந்தக் கதைக்கு மட்டுமே சொந்தம்.

ஆனால் சாக்கோவின் எண்ணம் செய்தித்தாளில் வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. இராமாயணம் இந்தியாவின் சொத்து, வெளிநாட்டார் தம் விருப்பத்துக்குப் படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத்திலிருந்து கடிதம் போயிற்று. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்கு முன்வரவில்லை. இவ்வளவு பேர் உணர்வோடு கலந்த ஒரு கதையைக் கார்ட்டூனாக்குவதா என்ற தயக்கம். ஆக, படம் ஜப்பானில்தான் உருவானது.

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்ல வேண்டும். ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1956இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய கார்ட்டூன் பிரிவில் இளைஞராகச் சேர்ந்தவர். அங்கே கற்றுக்கொடுக்க வந்தவர் டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் வருகிற அனிமேஷன் பகுதி ராம் மோகன் செய்ததுதான். சாக்கோவோடும் கோயிச்சி சசாக்கியோடும் சேர்ந்து மூன்றாவது இயக்குநராக இந்த இராமாயணத்துக்கு வந்தார் அவர்.

அவருடைய பங்கு என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய ஓவியர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் வேட்டி கட்டியவன் நடக்கும்போது துணி எங்கே மடியும், எங்கே விரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கை கூப்பும்போது விரல்கள் எப்படிச் சேரும், பெரியவர் காலைத் தொட்டு எழும்போது முதுகு எப்படி வளையும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் முழங்கால் எங்கே வரும்? இவற்றையெல்லாம் இந்தியக் குழு காட்டித்தர வேண்டியிருந்தது. வரைகிற வேலையைக் கணினி செய்யவும் இல்லை. செல் என்று சொல்லும் கண்ணாடித்தாள் ஒன்றில் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒரு படம் பிடிப்பார்கள். அடுத்த தாளில் கை ஒரு நூலளவு நகர்ந்திருக்கும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓட வேண்டும். ஏறத்தாழ 450 கலைஞர்கள் ஒரு லட்சத்தை நெருங்கும் செல்களைத் தீட்டினார்கள். இராமன் வில்லை வளைக்கும் காட்சியைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள். அந்த ஒரு நொடிக்குள் எத்தனை பேர் குனிந்து உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

படம் முடிந்து இந்தியாவுக்கு வந்தது 1993 ஜனவரியில், சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கொந்தளிப்பில் படம் தியேட்டர்களில் பரவலாக ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வந்து, ஒரு தலைமுறைக்குப் பிடித்தமான படமானது. 2012இல் சாக்கோ மறைந்தார், 2019இல் ராம் மோகனும் போய்விட்டார். 2025 ஜனவரி 24 அன்று புதுக்கித் துலக்கி, இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தோடு தமிழிலும் பேசவைத்து இந்தியத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். அதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளால் தமிழிலேயே பார்க்க முடிகிறது.

இனி அந்த எதிர்ப்புக் கடிதத்துக்கு வருகிறேன். வேற்றார் கை இராமனை வரையலாமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாங்கூனைப்போலத் தகுந்த ஊர் வேறு எது?

1767 ஏப்ரலில் பர்மியப் படை அயுத்தயாவைப் பிடித்தது. ஸின்பியூஷின் மன்னர் காலம். அயோத்தியின் பேரை வைத்துக்கொண்டு சயாமியர் ஆண்ட தலைநகரம் அது. அங்கிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்தவர்களில் ஆட்டக்காரர்கள், பாட்டுக்காரர்கள், கைவினைஞர்கள் இருந்தார்கள். அவர்களோடு இராமன் கதை ஆட்டமாக இங்கே அரண்மனைக்கு வந்தது. மியாவதி மின்ஜி ஊ சா என்ற அமைச்சர், 1766 முதல் 1853 வரை வாழ்ந்தவர், கவிஞர், இசையறிஞர், படைத்தலைவரும்கூட. சயாமிய நாடகங்களைப் பர்மிய மொழிக்கும் இசைக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர்தான். அந்த இசை வகையைப் பர்மியர் இன்றும் ‘யோதயா’ என்றே சொல்கிறார்கள். இங்கே அந்த ஆட்டத்துக்கு ‘யாம ஸாத்டோ’ என்று பேர். அதில் இராமன் யாம, சீதை தீடா, இராவணன் தத்தகிரி. இராமனின் முகமூடி பச்சை நிறம்.

நடந்ததைக் கவனியுங்கள். போரில் தோற்றவர்கள் கொண்டுவந்த கதை. கொண்டுவந்தவர்களும் பௌத்தர், ஏற்றுக்கொண்டவர்களும் பௌத்தர். தசரத ஜாதகத்தில் இராமன் புத்தரின் முற்பிறவி. அதனால் பர்மியருக்கு அவன் போற்றத்தக்கவன். இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆடுகிறார்கள், மரத்தில் செதுக்குகிறார்கள், பொம்மலாட்டத்தில் காட்டுகிறார்கள். போஜோ மார்க்கெட்டில், நம் பெரியவர்கள் ஸ்காட் மார்க்கெட் என்று சொன்ன அதே இடத்தில், ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்த கறுப்பு வெல்வெட் துணிகள் தொங்குகின்றன. கிட்டே போய்ப் பாருங்கள். வில்லோடு ஒருவன், அவனுக்கு முன்னால் திரும்பிப் பார்த்தபடி ஓடும் மான். உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்திருப்பதால் மானின் உடம்பு துணியை விட்டு எழும்பி நிற்கும். கால்களில் ஜரிகை மினுங்கும். சுற்றுலா வருகிறவர்கள் அழகுக்கு வாங்கிப் போகிறார்கள். நாம் பக்கத்துக் கடையில் லுங்கிக்கு விலை பேசிவிட்டு அதைத் தாண்டி வந்துவிடுகிறோம். அது மாரீசன் என்று நம் பிள்ளைக்கு யார் சொல்வது?

யாம ஸாத்டோ ஆட்டக்காரர்கள் முகமூடியை எப்படி நடத்துகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஆடும் முன் முகமூடிகளுக்குப் படையல் வைத்து வணங்குவார்கள். நம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. பிரகலாத சரித்திரம் ஆடுவார்கள். அங்கே நரசிம்மரின் முகமூடி ஆண்டு முழுக்கப் பூஜையில் இருக்கும். அதை அணிகிறவர் விரதம் இருக்க வேண்டும். தூணிலிருந்து வெளிப்படும் இடத்தில் அவருக்கு ஆவேசம் வந்து, பக்கத்தில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வதும் உண்டு. நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறியது அந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்துதான். மெலட்டூர்க்காரரும் இந்த நாட்டு ஆட்டக்காரரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் அட்டையையும் மரத்தையும் வண்ணத்தையும் தெய்வமாகத் தொடுகிற கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஜப்பானியர் செல்லில் தீட்டியதை மட்டும் கேலிச் சித்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மண்ணில் நமக்கும் பழைய உறவு உண்டு. பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து மகோதையிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர ஆழ்வார் கோவிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுத்ததைச் சொல்கிறது. முதலில் முகுந்தமாலையின் சுலோகம், பிறகு தமிழ் உரைநடை. 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோவிலை நாம் இந்நகரின் பழம்பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே ஐராவதிக் கரையில் தமிழில் ஒரு பெருமாள் கோவில் விளக்கு எரிந்திருக்கிறது.

படத்துக்குத் திரும்புகிறேன். 135 நிமிடம் ஓடும் படம். கம்பன் பாடியது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். என்னென்ன விட்டுப்போகும்?

கும்பகருணனை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவன் மலைபோல எழுந்து வருகிறான். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். கம்பனில் அவன் வேறு உயரம். அண்ணன் செய்தது பிழை என்று சபையிலேயே சொன்னவன். வீடணன் தேடிவந்து இராமன் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சியும், சோறிட்டு வளர்த்தவனை விட்டு வரமாட்டேன், நீ போய் வாழ் என்று தம்பியைத் தழுவி அனுப்பிவிட்டு, சாகப்போகிறோம் என்று தெரிந்தே போனவன். தமிழ்ப் பிள்ளைக்கு அவன் வெறும் பூதமாகவே நின்றுவிடக் கூடாது. படம் ஓடி முடிந்த இரவு இதை ஒரு தகப்பன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சீதை தீக்குளிப்பது படத்தில் இல்லை. போர் முடிகிறது, புட்பக விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். குடும்பத்தோடு பார்க்கும் படம் என்பதால் அப்படி முடித்திருக்கலாம்; ஏழு வயதுக் குழந்தைக்கு அது போதும் என்றே நான் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைக்குப் போதாது. அவள் என்றாவது அந்தப் பகுதியை எங்கேயாவது படிப்பாள், கேட்பாள். அப்போது வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். கம்பன் அந்த இடத்தை மறைக்கவில்லை. சீதைக்கு அங்கே குரல் இருக்கிறது. தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது.

யாங்கூனில் கரண்ட் முறைவைத்து வருகிற காலம் இது. படம் அசோகவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும், பொசுக்கென்று நின்றுவிடும். மெழுகுவத்தியோ பேட்டரி விளக்கோ ஏற்றிய பிறகு பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, அப்புறம் என்ன ஆச்சு? பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பர்மிய மொழியில் விடை வருகிறது, அல்லது கரண்ட் வந்ததும் பார்க்கலாம் என்று வருகிறது. அம்மாச்சியோ அப்பாயியோ இருக்கிற வீட்டில் தமிழில் வர வேண்டும். அனுமன் மோதிரத்தைக் கொடுத்ததைச் சொல்லுங்கள். அணைகட்டும்போது அணில் மணலில் புரண்டு வந்து உதவியதைச் சொல்லுங்கள். அந்த அணில் வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் பாடினார், நம் பாட்டிமார் அதன் முதுகில் மூன்று கோடு போட்டு வளர்த்தார்கள். எந்த ஸ்டுடியோவையும் நம்பி அந்த அணில் இதுவரை பிழைத்திருக்கவில்லை.

இப்போது வந்திருக்கும் இன்னொரு படத்தைப் பற்றியும் தாய்மார்கள் சிலர் கேட்டார்கள். ‘மகாவதார் நரசிம்ஹா’. அஸ்வின் குமார் இயக்கியது. 2025 ஜூலை 25 அன்று தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் வந்தது. கணினியில் உருவாக்கிய முப்பரிமாணப் படம். முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்து, இந்திய அனிமேஷனில் அதுவரை எதுவும் எட்டாத இடத்தை எட்டியது. வராகத்தில் தொடங்கி நரசிம்மத்தில் முடிகிறது. திரையரங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்று செய்தி வந்தது. கேட்ட கேள்வி, அந்தக் கடைசிக் காட்சியைச் சின்னப் பிள்ளைக்குக் காட்டலாமா?

என் கருத்தைச் சொல்கிறேன். ஐந்து வயதுக்குக் காட்ட வேண்டாம். திரையும் ஒலியும் சேர்ந்து அந்த வதத்தை அவ்வளவு பெரிதாக்கிவிடுகின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் காட்டலாம், ஆனால் வதத்தோடு எழுந்துபோகவிடக் கூடாது. இங்கே கம்பன் நமக்குத் துணை. வால்மீகி சொல்லாத இரணியன் வதையை அவன் யுத்த காண்டத்துக்குள் ஒரு முழுப் படலமாக வைத்தான். இராவணனுக்கு வீடணன் சொல்லும் எச்சரிக்கையாக வைத்தான். இரணியனைச் சிறுமைப்படுத்தவே இல்லை. உலகம் நடுங்கும் வீரனாகவே நிறுத்தினான். எல்லாம் முடிந்து, உனக்கு என்ன வேண்டும் என்று நரசிம்மர் கேட்கிறார். தகப்பனை இழந்து நிற்கும் பையன் பிரகலாதன் அரசு கேட்கவில்லை, ஆயுள் கேட்கவில்லை. எலும்பில்லாத புழுவாகப் பிறந்தாலும் உன்மேல் அன்பு மாறாமல் இருக்க அருள் செய் என்கிறான். பயந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித் தூங்கவையுங்கள். நகத்தையும் இரத்தத்தையும் நினைத்துக்கொண்டு தூங்க வேண்டாம்.

கோவில்களில் தமிழ் வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் சாக்கோவின் படத்தைத் தமிழில், காண்டம் காண்டமாக நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த இடத்துப் பெயர்களைக் கரும்பலகையில் தமிழில் எழுதுங்கள். சிருங்கிபேரம், பஞ்சவடி, கிட்கிந்தை. பார்த்த பெயரை எழுதப் பிள்ளைக்கு ஆசை வரும். யாம ஸாத்டோ எங்கேயாவது ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் வகுப்போடு கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

அதோடு ஒரு சின்னப் படமும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராம் மோகன் தொழில் கற்ற அந்தக் கார்ட்டூன் பிரிவிலிருந்து 1957இல் வந்த ‘தி பான்யன் டீர்’. காசி மன்னனின் வேட்டைக்குப் பலியாகும் முறை ஒரு சினைமானுக்கு வந்தபோது, அதற்குப் பதிலாக மான்களின் அரசன் தன் கழுத்தை நீட்டிய ஜாதகக் கதை அது. இராமனை வரையப் போகிற கை முதலில் புத்தரின் கதையில்தான் பழகியது. நம் பிள்ளைகளில் அநேகருக்கு அந்தக் கதை தெரியாது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்றைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். மாரீசன் யார் என்று நம் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லட்டும். அந்த மான் யார் என்று அவர்கள் நம் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.